கெச்சுவாவைத் திருப்பினேன், சீனத்தைத் திருப்பவில்லை

நம்ம வூட்டு ஹாலில், டி.வி.க்கு மேலே ஓர் ஆணியில் வெள்ளைத் தட்டு ஒன்று தொங்குகிறது. சாப்பிடுகிற தட்டு இல்லை, சுவரில் மாட்டுவதற்கென்றே செய்தது. மேலே ஒரு சீன எழுத்து. கீழே இங்கிலீஷ் எழுத்தில் ஒரு சொல், ஆனால் அது இங்கிலீஷ் இல்லை. போன மாதம் வெள்ளையடித்தபோது சின்னவன் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இதைத் திரும்ப மாட்டணுமாப்பா?" என்றான். "என்ன எழுதியிருக்குதுன்னு கேட்டாலே அப்பா சிரிச்சிட்டுப் போயிடுவாரு" என்றாள் பெரியவள். மாட்டச் சொல்லிவிட்டு அன்றைக்கும் நான் போய்விட்டேன். அந்தத் தட்டில் ஒரு தப்பு இருக்கிறது. செய்தது நான். வாயால் சொன்னால் உங்க அம்மா நடுவில் புகுந்து தன் பங்கைப் பெரிசாக்கிவிடுவாள். அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் முதல் பாதி. பெரியவளுக்கு மூன்று வயது, சின்னவன் பிறக்கவில்லை. பீங்கான் கம்பெனிகள் கூடியிருக்கிற எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில் நான் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தேன். சீனக் களிமண்ணோடு இன்னும் சிலதைச் சேர்த்துத் தண்ணீரில் கரைத்தால் மோர் மாதிரி கூழ் வரும். அதைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றவேண்டும். பிளாஸ்டர் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், களிமண் உள்பக்கம் பூராவும் தோல் மாதிரி பிடித்துக்கொள்ளும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, இறுகியதும் அச்சைப் பிரித்தால் பொம்மை. அதைச் சுட்டு, கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கி, மறுபடியும் சுட்டால் பீங்கான். காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தொட்டி ஓரத்தில் நின்றுகொண்டே செய்கிற வேலை. தரை எப்போதும் ஈரம். வருஷம் பூராவும் எனக்குக் கால் விரலிடுக்கில் புண் ஆறாமல் இருந்தது.

ஜன்னல் ஓரத்தில் அச்சு மேசை இருந்தது. அச்சு செதுக்குகிறவர் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்வார். தரை காய்ந்திருக்கும், வெளிச்சம் வரும், எல்லோரும் 'மாஸ்டர்' என்று கூப்பிடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் கத்தியை வாங்கி உடைந்த அச்சுத் துண்டுகளில் செதுக்கிப் பழகியிருந்தேன். பூ, கிளி, அன்னம் எல்லாம் எனக்கு வரும். அந்த மாஸ்டர் ஒரு நாள் வேறு மாநிலத்தில் டைல்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மேசை காலியானது. அந்த மேசைக்கு நான் ஆசைப்பட்டேன் என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாருய்யா. வடக்கேயிருந்து ஒரு மாஸ்டரு வரேன்னு லெட்டர் போட்டிருக்காரு. நான் இன்னும் பதில் போடல. புதுசா ஒரு ஆர்டர் வந்திருக்குது, அதுக்கு சாம்பிள் அச்சு நீ செதுக்கு. பார்ட்டி பாத்துட்டு சரின்னுட்டாங்கன்னா மேசை உனக்கு. இல்லன்னா அவருக்குத் தந்தி, நீ மறுபடியும் தொட்டிக்கு. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன் மொதலாளி."

பார்ட்டி என்பது புருஷன் பொண்டாட்டி இரண்டு பேர். பாண்டிச்சேரியில் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டை எடுத்து, வந்து தங்கிப்போகிறவர்களுக்கு அறை விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா சிங்கப்பூர்ச் சீனப் பெண். அங்கே கடைத்தெருவில் கேட்டுப் பழகிய தமிழ் கொஞ்சம் பேசுவார். புருஷன் தென் அமெரிக்காவில் பெரு என்கிற நாட்டின் மலைப்பக்கத்துக்காரர். அவருடைய தாய்மொழி கெச்சுவா. ஒரு வட்டத் தட்டில் மேலே மனைவியின் மொழி, கீழே புருஷன் மொழி, இரண்டிலும் 'நம் வீடு' என்று இருக்கவேண்டும். எழுத்து புடைத்து நிற்கவேண்டும். ஒவ்வொரு அறைக்கும் ஒன்று, வருகிறவர்கள் வாங்கிப் போகவும் கொஞ்சம், மொத்தம் நூறு.

அந்த அம்மா ஒரு தாளில் தூரிகையால் சீன எழுத்தைப் பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தார். புருஷன் தன் மொழிச் சொல்லை எழுதி, கூடவே இரண்டு மொழிகளைப் பற்றியும் இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். செதுக்குகிறவனுக்குத் தான் எதைச் செதுக்குகிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும் என்பது அவர் எண்ணமாம். முதலாளி, "படிச்சிக்கோ" என்று என் கையில் கொடுத்தார். நான் பத்தாவதையே இரண்டு தடவை எழுதியவன். தலையை ஆட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

உங்க அம்மா பிளஸ் டூ பாஸ். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியவள் தூங்கியதும், வேர்க்கடலை உரித்துக்கொண்டே, மடியில் டிக்‌ஷனரியை வைத்து வரி வரியாகப் படித்தாள்.

"ஏங்க, இந்த மலைக்காரரு பாஷை நம்ம மாதிரிதாங்க இருக்குது."

"எப்படிச் சொல்ற?"

"வூடுங்கறதுக்கு அவங்க 'வாசி'ங்கறாங்க. வூட்டுல அப்படின்னா 'வாசிபி'. வூட்டுலேர்ந்து அப்படின்னா 'வாசிமந்தா'. நாம வால் ஒட்டுற மாதிரியே ஒட்டிக்கிட்டே போறாங்க. வினைச்சொல்லும் நம்ம பாஷை மாதிரி கடைசியிலதான் வருதாம்."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வசிக்கிற எடம், அதான் வாசி. பாத்தியா, தமிழ்லேர்ந்துதான் போயிருக்கும்."

"ஆமா, பெண்ணாடம் பஸ்ஸுல ஏறிப் போச்சு. சும்மா இருங்க. ஒரு சொல்லு கெடைச்சதும் ஒலகத்தையே நம்மளுதுன்னு சொல்லிடுவீங்க. இதைக் கேளுங்க. 'நம்ம வூடு'ன்னா 'வாசிஞ்சிக்'. 'எங்க வூடு'ன்னா வேற வால். நம்மன்னா கேக்குறவங்களையும் சேத்து, எங்கன்னா அவங்களை விட்டுட்டு. இங்கிலீஷ்ல இந்த வித்தியாசம் கெடையாது, அதனால இங்கிலீஷ்காரங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க நான் ரொம்பக் கஷ்டப்படறேன்னு எழுதியிருக்காரு."

"நமக்குச் சொல்லவே வேணாமே."

"அதான் நானும் சொல்றேன்."

இன்னொரு விஷயமும் எழுதியிருந்தார். கெச்சுவாவில் ஒன்றைச் சொல்லும்போது, அதை நீயே பார்த்தாயா, யாரோ சொல்லிக் கேட்டாயா என்பதையும் ஒரு வாலில் காட்டிவிடவேண்டுமாம். பார்த்ததற்கு 'மி', கேட்டதற்கு 'சி'. உங்க அம்மா அதற்கு ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "நம்ம 'ஆம்'தான். மழை பேஞ்சுதுன்னா நான் நனைஞ்சேன். பேஞ்சுதாம்னா பக்கத்து வூட்டுக்காரி சொன்னா."

சீனம் இதற்கு நேர் எதிர். அதில் வால் என்பதே கிடையாது. சொல் வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கும், பக்கத்தில் என்ன சொல் வருகிறது என்பதை வைத்துத்தான் மற்றதெல்லாம். நேற்று வந்தாலும் நாளைக்கு வந்தாலும் 'வா' என்பது மாறாதாம், நேற்று நாளை என்று தனியாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டுக்கு 'ஜியா' என்று ஒரே எழுத்து. என் வீடு, நம் வீடு என்று பிரித்துச் சொல்லவும் சொல் உண்டாம். ஆனால் வாசலில் மாட்டுகிறதற்கு அந்த ஒன்றே போதும், பார்க்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று எழுதியிருந்தார். தன் சொல்லுக்கு இங்கிலீஷ் எழுத்தில் ஒன்பது வேண்டியிருக்கிறது, மனைவிக்கு ஒன்றே போதுகிறது, வீட்டில் பேச்சு மட்டும் தலைகீழ் என்று ஒரு கிண்டலும் இருந்தது. உங்க அம்மா அந்த வரியை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள், ஏன் என்று தெரியவில்லை.

கடைசியில் அந்தச் சீன எழுத்து எப்படி வந்தது என்று ஒரு குறிப்பு.

"மேல இருக்கறது கூரையாம். கீழ பன்னியாம்."

"பன்னியா? வூட்டுக்குள்ளயா?"

"கூரைக்குக் கீழ பன்னி இருந்தா வூடு. அந்தக் காலத்துல படமா வரைஞ்சது, வரைஞ்சு வரைஞ்சு இப்படி ஆயிடுச்சாம்."

தூரிகை எழுத்தை நான் எடுத்துப் பார்த்தேன். கூரை தெரிந்தது. பன்றியும் தெரிகிற மாதிரிதான் இருந்தது, கால்களை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு. அப்போ இது எழுத்து இல்லை, படம் என்று மனசில் முடிவு செய்துவிட்டேன். அந்த இடத்தில்தான் வேலை கெட்டது. அது எனக்குத் தெரிய இரண்டு வாரம் ஆனது.

எப்படிக் கெட்டது என்று புரிய எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அச்சில் நேராகச் செதுக்கினால் பொருளில் இடம் வலமாக மாறித்தான் வரும். அதனால் எழுத்து என்றால் எண்ணெய் தடவின தாளில் நகல் எடுத்து, தாளைத் திருப்பிப் போட்டு, அந்தக் கோட்டின் மேல் செதுக்கவேண்டும். செதுக்கியதைக் கண்ணாடியில் காட்டினால் நேராகத் தெரியணும். ஆனால் படத்துக்கு எவரும் இதைச் செய்வதில்லை. கிளி இடது பக்கம் பார்த்தால் என்ன, வலது பக்கம் பார்த்தால் என்ன? தாளை அப்படியே வைத்துச் செதுக்கிவிடுவோம். எழுத்தைத் திருப்பு, படத்தைத் திருப்பாதே. எஸ்டேட்டில் எல்லா அச்சு மேசையிலும் அதுதான் வழக்கம்.

வாசிஞ்சிக் என்கிற ஒன்பது எழுத்தையும் திருப்பிப் போட்டு, ஒவ்வொன்றாகக் கண்ணாடி பார்த்து, மூன்று நாள் செதுக்கினேன். சீனத்தைத் திருப்பவில்லை. கூரையும் பன்றியும் ஒரே நாளில் முடிந்தது. கைக்கு நன்றாகவே வந்தது. அந்தக் கோடுகளின் தடிப்பும் மெலிவும் தூரிகையில் இருந்தது போலவே வந்ததில் எனக்குப் பெருமைகூட.

கிளேஸ் பகுதியில் ஓர் அக்கா இருந்தார். எங்களில் யார் எதைச் செய்தாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார். ஆர்டர் கொடுக்க வந்த அன்று அந்தச் சீன அம்மா, ஒரே சத்தத்தை நாலு விதமாக ஏற்றி இறக்கி, நாலும் வேறு வேறு சொல் என்று சொல்லிக் காட்டியதை அவரும் கேட்டிருந்தார்.

"நாமளுந்தான் தம்பி இழுத்துப் பேசறோம். 'தம்பி'ன்னா சாதாரணம். 'தம்பீ'ன்னு இழுத்தா உன்கிட்ட வேலை வாங்கப் போறேன்னு அர்த்தம்."

"அது வேறக்கா. நீங்க எப்படி இழுத்தாலும் நான் தம்பிதான். அவங்க பாஷையில ஏத்தி எறக்குனா அம்மாவே குதிரையாயிடுமாம்."

"நீ இழுக்காமலே குதிரைதான். போ, போய் அச்சைப் பாரு."

நாலு சாம்பிள் ஊற்றினோம். சுட்டு, கிளேஸ் போட்டு, மறுபடியும் சுட்டு வெள்ளிக்கிழமை காலையில் சூளையிலிருந்து வந்தன. ஒரு கீறல் இல்லை. முதலாளி ஒன்றைக் கையில் தூக்கிச் சுண்டிப் பார்த்தார், மணி மாதிரி சத்தம். "நாளைக்குக் காலையில பார்ட்டி வராங்க" என்று சொல்லிவிட்டு, அச்சு மேசையையும் என்னையும் ஒரு பார்வை பார்த்துப் போனார். அந்தப் பார்வையிலேயே மேசை எனக்கு வந்துவிட்டது போல இருந்தது.

டீ நேரத்தில் அக்கா ஒரு தட்டைத் துடைத்து, அச்சு மேசை மேல் சாய்த்து வைத்தார். எதிரே நான் எழுத்தைச் சரிபார்க்கிற கண்ணாடி நின்றுகொண்டிருந்தது. பக்கத்திலேயே அந்தத் தூரிகைத் தாள். டீ டம்ளரை வைக்கக் குனிந்தேன். கண்ணாடிக்குள் தெரிந்த தட்டில் ஒன்பது எழுத்தும் இடம் வலமாக மாறி இருந்தன, அது சரிதான். ஆனால் மேலே இருந்த சீன எழுத்து, தாளில் இருந்தது போலவே அப்படியே இருந்தது. கண்ணாடிக்குள் சரியாக இருந்தால், தட்டில் தப்பு. தட்டைப் பார்த்தேன், தாளைப் பார்த்தேன். பன்றி வேறு பக்கம் கால் நீட்டிக்கொண்டிருந்தது.

அக்காவிடம் சொன்னேன். அவரும் கண்ணாடியையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு பன்னி இந்தப் பக்கம் போனா என்ன, அந்தப் பக்கம் போனா என்ன?"

"பன்னி இல்லக்கா, எழுத்து. அந்த அம்மா பாத்ததும் கண்டுபுடிச்சிடுவாங்க."

அக்கா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாலையும் கீழ போட்டு ஒடைச்சிடு. சூளையில வெடிச்சிடுச்சுன்னு சொல்லு. தெனமும் வெடிக்கறதுதான? சூளை வந்து சாட்சி சொல்லப் போவுதா? ஒரு வாரம் டைம் கெடைக்கும், வேற அச்சு செதுக்கிடலாம். மேசை முக்கியமா, நாலு தட்டு முக்கியமா?" என்றார்.

அந்த யோசனை தப்பாகவே படவில்லை. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சைக்கிளை மிதித்துக்கொண்டே எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். தட்டு முழுசாக வந்ததை முதலாளி தன் கையால் சுண்டிப் பார்த்திருந்தார். ராக்கில் வைத்த பிறகு குளிர்ந்து வெடித்தது என்று சொல்லலாம். அதுவும் நடக்கிறதுதான்.

உங்க அம்மா தோசை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். திட்டவில்லை.

"சரி. நாளைக்கு என்னன்னு சொல்லுவீங்க? வெடிச்சுடுச்சுன்னா, வெடிச்சுடுச்சாம்னா?"

"அது என்ன கேள்வி?"

"அந்த மலைக்காரரு கேப்பாருல்ல, பாத்தியா, கேட்டியான்னு. பாத்தேன்னா பொய். கேட்டேன்னா யாருகிட்ட கேட்டீங்க?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பொய்யை என்னால் மனசுக்குள்கூட முழுசாகச் சொல்லிப் பார்க்க முடியவில்லை. நான் நல்லவன் என்று காட்ட இதைச் சொல்லவில்லை. ஒரு பொய்யைச் சொல்ல அது வாயில் சரளமாக வரவேண்டும், அது வரவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை முதலாளியிடம் தனியாகச் சொல்லலாம் என்று சைக்கிள் ஸ்டாண்டில் நின்றேன். அவர் ஸ்கூட்டரும் பார்ட்டியின் காரும் ஒன்றாகவே உள்ளே வந்தன. எல்லோர் முன்னாலும்தான் சொல்லவேண்டியிருந்தது.

"மொதலாளி, சாம்பிள்ல மேல இருக்கற எழுத்து இடம் வலமா மாறி வந்திருக்குது. அச்சுல நான் தாளைத் திருப்பிப் போடல."

"என்னய்யா சொல்ற? எப்பத் தெரியும் உனக்கு?"

"நேத்து டீ டைம்ல."

அந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டு நேராக உள்ளே போய் ஒரு தட்டைக் கையில் எடுத்தார். எழுத்தின் மேல் விரலை ஓட்டினார், கோடு எங்கே ஆரம்பிக்க வேண்டுமோ அங்கிருந்து. விரல் போக வேண்டிய பக்கம் போகாமல் நின்றது.

"எங்கப்பா இதை எழுதச் சொல்லி எழுதச் சொல்லி... ஒரு கோடு மாறினா கையிலே அடி" என்றார். பிறகு கீழே இருந்த சொல்லைக் காட்டி, "இது சரி. அப்ப இது ஏன் தப்பு?" என்று கேட்டார்.

உண்மையைத்தான் சொன்னேன். "இது எழுத்துன்னு திருப்பினேம்மா. அது கூரை, பன்னின்னு எழுதியிருந்துது. படம்னு நெனச்சித் திருப்பல."

அவர் அதைத் தன் புருஷனுக்கு இங்கிலீஷில் சொன்னார். அந்த மனுஷன் சிரித்த சிரிப்பில் களிமண் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னமோ சொன்னார். அந்த அம்மா சிரிக்காமல் எங்களுக்குச் சொன்னார்.

"அவங்க பாஷைக்கு முன்னே எழுத்தே இல்லை. வேற ஊர் ஆளுங்க வந்து குடுத்த எழுத்து. எங்க எழுத்து ரொம்ப ரொம்பப் பழசு. நீ அவரோடதை எழுத்துன்னு சொன்னே, என்னோடதைப் படம்னு சொன்னே. அதுக்குத்தான் சிரிப்பு."

எனக்கு அப்போதுதான் அது தப்பு மட்டும் இல்லை, ஒரு மரியாதைக் குறைவும்கூட என்று புரிந்தது. மன்னிக்கச் சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டினார். கோபம் இல்லை. ஆனால் சரியாக வந்த சாம்பிளைப் பார்த்த பிறகுதான் மிச்சத்தைப் பேசமுடியும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

கார் போனதும் முதலாளி என் பக்கம் திரும்பினார். கத்துவார் என்று நினைத்தேன்.

"நெஜத்தைச் சொன்ன. அது சரி. நான் சொன்னதும் சொன்னதுதான்."

"சரிங்க மொதலாளி."

அன்றைக்கே தந்தி போனது. வடக்கேயிருந்து மாஸ்டர் வந்தார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவருக்குச் சீனமும் கெச்சுவாவும் ஒன்றுதான், இரண்டையும் யோசிக்காமல் திருப்பிப் போட்டுச் செதுக்கினார். இரண்டும் சரியாக வந்தன. ஆர்டர் முடிந்தது. அந்த அச்சில் நூறு தட்டுக்கும் கூழ் ஊற்றியது நான்தான். முதல் பத்து தட்டை அச்சிலிருந்து எடுக்கும்போது பன்றியின் கால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தேன். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டேன். காலில் புண் திரும்ப வந்தது, உங்க அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டாள்.

தப்பாக வந்த நாலையும் உடைத்துப் போடச் சொன்னார் முதலாளி. மூன்றை உடைத்தேன். ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தேன். அக்கா பார்த்துவிட்டு, "மேசைக்குப் பதிலா தட்டா தம்பி?" என்றார். அதுதான் ஹாலில் தொங்குவது. கீழே இருக்கிற சொல்லை நம்பிப் படிக்கலாம். மேலே இருப்பதைக் கண்ணாடியில்தான் படிக்கவேண்டும்.

வடக்கத்தி மாஸ்டருக்கு இந்த ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு கோடையைத் தாங்கிவிட்டு மூன்றாவதுக்கு முன்னால் போய்விட்டார். முதலாளி ஒரு திங்கட்கிழமை தொட்டிப் பக்கம் வந்து, வேறெதுவும் சொல்லாமல் கத்தி வைக்கிற டப்பாவின் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்டூலில் உட்கார்ந்தேன். கால் காய்ந்த தரையில் இருந்தது. முதலில் வந்த வேலை கொலு பொம்மைக்கு ஒரு கிளி. எண்ணெய்த் தாளில் நகல் எடுத்தேன், திருப்பிப் போட்டேன், செதுக்கிவிட்டுக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தேன்.

"கிளிக்கு எதுக்கு தம்பி கண்ணாடி?" என்றார் அக்கா.

"வரைஞ்சவங்க எந்தப் பக்கம் பாக்கச் சொன்னாங்களோ, அந்தப் பக்கம் பாக்கட்டுங்க்கா."

இப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.